கொல்லையில் கொட்டகை

வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை இருந்தால் நல்லது. நெல் மூட்டை நனையாது. கலப்பை துருப்பிடிக்காது. நான்கு தூண், மேலே தகரம். இதற்குப் போய் அனுமதி வேண்டுமா?

பல இடங்களில் வேண்டும். கட்டட விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பிக் கடைக்கால் தோண்டக் கூடாது. கிராமத்தில் ஊராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும். நகரத்தில் நகராட்சியில் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. இடம் யாருடையது?

"எங்க தாத்தா காலத்திலிருந்து நாங்கதான் அனுபவிக்கிறோம். வீட்டு வரிகூடக் கட்டுறோம்" என்பார்கள். வரி ரசீது பட்டா ஆகாது. கொல்லையின் கடைசி நான்கு அடி வாய்க்கால் புறம்போக்காக இருக்கலாம். நில அளவை வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தில் அந்த வேலையைப் பார்ப்பவர் பட்வாரி.

பஞ்சாபில், பாட்டியாலா மாவட்டத்தில் ரோஹர் ஜாகிர் என்று ஒரு கிராமம். அங்கே ஊர்க் குளத்து நிலத்தில் மண்ணைக் கொட்டி மூடிச் சிலர் வீடு கட்டினார்கள். பணம் கட்டி நிலத்தை வைத்துக்கொள்ளட்டும் என்றார் மாவட்ட ஆட்சியர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது கூடாது என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. ஊர்ப் பொது நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலமற்ற கூலியாட்களுக்கு அரசு குத்தகைக்குக் கொடுத்த இடம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. வீட்டுக்கே இந்த நிலை. தகரக் கொட்டகை எம்மாத்திரம்?

அண்ணாந்து மேலேயும் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு மின்சாரம் தரும் சாதாரணக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது 4 அடி இடைவெளி வேண்டும். கூரைக்கு மேலே கம்பி போனால் 2.5 மீட்டர், அதாவது 8 அடிக்கும் சற்று மேல். உயர் அழுத்தக் கம்பிக்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும். தகரத்தில் மின்சாரம் பாயும். அறுந்த கம்பி கூரையில் விழுந்தால், இரும்புத் தூணைத் தொட்டவர் உயிருக்கே ஆபத்து.

விண்ணப்பத்தோடு இடத்தின் வரைபடம் கேட்பார்கள். நீளம், அகலம், பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து எத்தனை அடி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் கட்டியதும் ரசீதை அங்கேயே படிக்க வேண்டும். கொடுத்த தொகைதான் எழுதியிருக்கிறதா? தேதி இருக்கிறதா? ஆனால் ரசீது வந்ததால் அனுமதி வந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அனுமதி ஆணை தனித் தாள். அது கைக்கு வந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

நெடுநாள் பதிலே இல்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.