மனம், மொழி, மெய்: யோகமும் துதியும் குருவும்



2015ஆம் ஆண்டு முதல் ஜூன் 21ஆம் நாள் உலகெங்கும் யோகா நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. பள்ளியில் ஆசனம் பயின்று வரும் நம் வீட்டுப் பிள்ளைகள், “நம் சமயத்திலும் யோகம் உண்டா?” என்று பெற்றோரை வினவுகின்றனர். “உண்டு” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், “ஜினாலயத்தில் பாடுகிறோமே, அதைக் கேட்டு அருகப் பெருமான் என்ன தருவார்? முனிவரை வணங்குகிறோமே, அவர் நமக்கு என்ன செய்வார்?” என்று அவர்கள் மேலும் கேட்டால் நம்மில் பலர் தயங்கி நிற்போம். இம்மூன்று வினாக்களும் தனித்தனியானவை போலத் தோன்றினும், இவற்றிற்குரிய விடை ஒன்றே. அதனை முறையாக அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

யோகம் என்னும் சொல்

யோகம் என்றவுடன் உடலை வளைக்கும் பயிற்சியே இன்று பலருக்கும் நினைவில் எழுகிறது. நம் ஆகமத்தில் அச்சொல் வேறொரு பொருளில் வழங்குகிறது. உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் செயலையே யோகம் என்று கூறித் தொடங்குகிறது. அடுத்து, அதுவே வினை ஊற்று என்றும் உரைக்கிறது. எனவே யோகம் என்பது வினைகள் உயிரிடம் வந்து சேரும் வாயிலாகும். நல்யோகம் புண்ணியத்திற்கும் தீயோகம் பாவத்திற்கும் வழிவிடும்.

வந்து சேர்ந்த வினை எத்துணைக் காலம் தங்கும், எத்துணை வன்மையுடன் பயன் தரும் என்பவற்றை உறுதி செய்பவை சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்கள். காய்ந்த சுவரில் பட்ட புழுதி உதிர்ந்துவிடும். ஈரச் சுவரில் பட்ட புழுதி ஒட்டிக்கொள்ளும். கஷாயமே அந்த ஈரம். ஆகவே, கைகால்களை எவ்வளவு திறமையாக அசைத்தாலும் உள்ளத்தின் ஈரம் உலராவிடில் அப்பயிற்சி உடல்நலத்திற்கு உதவுமே தவிர, உயிரின் விடுதலைக்கு உதவாது.

குணஸ்தானங்கள் பதினான்கு. பதின்மூன்றாம் படியில் நிற்பவர் சயோக கேவலி. முழுதுணர் ஞானம் பெற்றும், உடலும் திருமொழியும் இயங்குவதால் அப்பெயர் பெற்றார். பதினான்காம் படியில் நிற்பவர் அயோக கேவலி. அவரிடம் மூவகை இயக்கமும் நின்றுவிட்டன. ஐந்து குற்றெழுத்துகளை ஒலிக்கும் நேரமே அந்நிலை நீடிக்கும், அதன்பின் வீடுபேறு. யோகத்தை அடக்கி, இறுதியில் யோகமே அற்ற நிலையை எய்துவதுதான் நம் நெறியின் முடிவு என்பது இதனால் விளங்கும்.

பிற்காலச் சான்றோர் இதே சொல்லை வீடுபேற்றிற்குரிய வழி என்னும் பொருளிலும் ஆண்டனர். 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திர ஆசாரியர், குமாரபால மன்னனின் பொருட்டு யோகசாஸ்திரம் என்னும் நூலை இயற்றினார். நன்ஞானம், நற்காட்சி, நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே யோகம் என்பது அவர் கூற்று. மூச்சை வலிந்து அடக்கித் துன்புறுத்தப்பட்ட மனம் அமைதி பெறாது என்றும் அவர் எச்சரிக்கிறார்.

இவ்வாறு கூறுவதால் ஆசனம் வேண்டாதது என்று பொருளன்று. நம் ஜினாலயங்களில் தீர்த்தங்கரர் திருமேனிகளை இரண்டே கோலங்களில் காண்கிறோம்: ஒன்று தியானத்தில் அமர்ந்த கோலம், மற்றொன்று காயோத்சர்க்கம் என்னும் நின்ற கோலம். போளூரை அடுத்த திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நேமிநாதர் நிற்பதைக் கண்டவர்கள் அக்கோலத்தின் அமைதியை உணர்ந்திருப்பார்கள். காயோத்சர்க்கம் என்பதற்கு உடலை விடுதல் என்பது பொருள். உடல் இருக்கவே, ‘இது நான், இது எனது’ என்னும் பற்றினை விட்டு நிற்றலே அதன் உட்கருத்தாகும்.

துதி யாருக்காக?

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். அருகப் பெருமான் வீதராகர். விருப்பும் வெறுப்பும் அற்றவர். புகழ்ந்தால் மகிழ்பவருமல்லர், இகழ்ந்தால் சினப்பவருமல்லர். அவ்வாறாயின் பாடுவது எதற்கு?

இவ்வையத்தைச் சமந்தபத்திர ஆசாரியரே எழுப்பி விடையும் தந்திருக்கிறார். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் போற்றும் தம் சுயம்பு தோத்திரத்தில், வாசுபூஜ்யரைத் துதிக்கும் பகுதியில், பற்றற்றவருக்கு நம் பூசையால் ஆவது ஒன்றுமில்லை. பகையற்றவருக்கு நம் பழிச்சொல்லால் ஆவதும் ஒன்றுமில்லை. ஆயினும் அவர்தம் நற்குணங்களை நினைத்தல் நம் மனமாசினைத் துடைக்கிறது என்னும் கருத்தினை அவர் அமைத்துள்ளார். விளக்கு எவரையும் அழைப்பதில்லை; அதன் அருகில் ஏட்டைக் கொண்டுசெல்பவன் எழுத்தைக் காண்கிறான். துதியின் பயனும் அத்தகையதே.

நாவை அடக்கு என்றால் நம்மால் இயல்வதில்லை. ஆகவே பெரியோர் அதற்கு நல்ல வேலை ஒன்றைக் கொடுத்தனர். அவிரோதி ஆழ்வார் மயிலாப்பூர் நேமிநாதர் மீது திருநூற்றந்தாதி பாடினார். அந்தாதியில் ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாக வருவதால், பாடுபவரின் நினைவு இடையில் அறுந்து வேறிடம் செல்ல இயலாது. பொருளை உணர்ந்து நூறு பாடல்களையும் ஓதுபவருக்கு அதுவே ஒரு தியானமாகும். மயிலையில் இருந்த அந்த ஜினாலயம் இன்று இல்லை. கடல் கொள்ளும் என அஞ்சி நேமிநாதர் திருவுருவை மேல்சித்தாமூருக்குக் கொண்டுவந்தனர் என்பது நம் மரபுவழிச் செய்தி. கோயில் மறைந்தும் பாட்டு மறையாமல் நம் கைக்கு வந்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடும்போதே, ‘இதனால் எனக்கு இன்னது கிடைக்க வேண்டும்’ என்று உள்ளம் கணக்குப் பார்த்தால் அது நிதானம் என்னும் குற்றமாகும். நிதானத்தை ஆர்த்த தியானத்தின் ஒரு வகையாகவும், உள்ளத்தில் தைத்த முட்களாகிய மூன்று சல்லியங்களுள் ஒன்றாகவும் ஆகமம் எண்ணுகிறது. ‘என் குரல்தான் இனியது’ என்னும் செருக்கும் அவ்வாறே தீங்கு செய்யும். பண் பிழைத்தால் பெரும்பிழையன்று. பாவனை பிழைத்தல் ஆகாது.

குரு என்பவர் யார்?

பஞ்சமந்திரத்தில் அருகர், சித்தர் ஆகியோருக்குப் பின் ஆசாரியர், உபாத்தியாயர், சாது என்னும் மூவரை வணங்குகிறோம். இம்மூவரும் நமக்குக் குருமார்கள். ஐம்புல விருப்பினை வென்று, தொழில் முயற்சியும் உடைமையும் நீங்கி, ஞானம், தியானம், தவம் ஆகியவற்றில் ஈடுபட்டிருப்பவரே போற்றத்தக்க தவசி என்று இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் இலக்கணம் வகுக்கிறார். வியத்தகு செயல்கள் செய்பவர் என்றோ, வேண்டியதைத் தருபவர் என்றோ அவ்விலக்கணத்தில் இல்லை.

அத்தகைய குருமார்களை நம் மண் மிகுதியாகக் கண்டது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாட்கள் உண்ணா நோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டு இன்றும் உள்ளது. வந்தவாசிப் பகுதியைச் சார்ந்த வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, குணகீர்த்தி படாரரின் மாணவியாராகிய கனகவீரக் குரத்தியாரைக் குறிப்பிடுகிறது. குரத்தி என்பது பெண் குருவைக் குறிக்கும் சொல். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பலர் பெயர் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெண்கள் மாணவியாகவும் ஆசிரியராகவும் விளங்கினர் என்பதை நம் பெண்மக்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை.

குரு வழியைக் காட்டுவார், நடப்பவர் நாமே. உயிர் தன்னைத் தானே பிறவிக்கும் வீட்டிற்கும் இட்டுச் செல்வதால், உண்மையில் உயிருக்கு உயிரே குரு என்று பூஜ்யபாதர் சமாதி தந்திரத்தில் தெளிவுறுத்துகிறார். இது குருவைத் தாழ்த்தும் கூற்றன்று. குருவிடம் சென்றபின்பும் நம் முயற்சியைக் கைவிடலாகாது என்பதே இதன் கருத்து.

கவுந்தியடிகள் வரலாறு தரும் பாடம்

மேற்கூறிய மூன்றும் ஓரிடத்தில் கூடி நிற்பதைச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் காணலாம். கோவலனுடனும் கண்ணகியுடனும் மதுரை நோக்கிச் செல்லும் கவுந்தியடிகள் வழியில் சாரணரைக் கண்டு வணங்குகிறார். முன்செய்த வினை பயன் தராது போகாது என்னும் உண்மையையும் அருகப் பெருமானின் திருநாமங்களையும் சாரணர் எடுத்துரைக்கிறார். அவ்வறவுரையைக் கேட்ட கவுந்தியடிகள், குவித்த கைகளைத் தலைமேல் கொண்டு துதிக்கிறார். தம் செவி, நா, கண், உடல், கை, தலை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் இறைவனுக்கன்றிப் பிறிதொன்றற்கு ஈடுபடாது என்பது அத்துதியின் கருத்து. குருவின் சொல் மனத்தை நிறுத்துகிறது, நா துதியாகிறது, உடல் வணக்கமாகிறது. மூன்று யோகமும் ஒரே வழியில் சென்ற நேரம் அது.

இங்கேயே கதை நின்றிருந்தால் நமக்குப் பாதிப் பாடமே கிடைத்திருக்கும். அவர்கள் காவிரியைக் கடந்து தென்கரையில் ஒரு சோலையில் தங்கியபோது, அவ்வழி வந்த பண்பற்ற இருவர் கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேசினர். கண்ணகி செவிகளைப் பொத்தி நடுங்கினாள். அது கண்ட கவுந்தியடிகள், அவ்விருவரும் காட்டில் நரிகளாகுமாறு சபித்தார். சற்று முன் திருநாமமன்றி வேறு கூறேன் என்ற நாவே சாபமும் உரைத்தது.

நரிகளின் ஊளை கேட்ட கண்ணகியும் கோவலனும் மனம் பொறாதவராய், நெறி தவறியோர் தகாதன பேசினாலும் அதனை அறியாமை என்று கொள்ளவேண்டும் என விண்ணப்பித்தனர். இல்லறத்தார் இருவரின் அச்சொல்லை அடிகள் ஏற்றார். பன்னிரு திங்களில் அவர்கள் பழைய உருவம் பெறுமாறு சாப விடுதலை தந்தார்.

கவுந்தியடிகள் போன்ற தவ மூதாட்டிக்கே நாவடக்கம் ஒரு கணம் நழுவிற்று எனில், நம் நிலை யாது? இதனை எழுதுபவனும் விலக்கன்று. ஒரு சதுர்த்தசி நாளில் உளமுருகத் துதி பாடிவிட்டு, ஜினாலய வாயிற்படியைத் தாண்டுமுன்னரே, செருப்பை இடம் மாற்றி வைத்த ஒரு சிறுவனைக் கடிந்து பேசினேன். அவன் முகம் வாடியதைக் கண்டபோதுதான், நான் பாடியது என் செவிக்கும் எட்டவில்லை என்பது புரிந்தது. துதியின் உண்மையான தேர்வு பாடி முடித்து எழுந்தபின் வருகிறது. பிழை நேர்ந்தபோது அடிகளைப் போல அதனை உடனே ஒப்பித் திருத்திக்கொள்வதும் தவமே.

இல்லத்தில் பயிலும் முறை

சிராவகர்க்குரிய சாமாயிகத்தின் காலம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். வலிய உடலமைப்பு உடையோர்க்கும் ஒருமுக தியானம் ஒரு முகூர்த்தத்திற்குள் அடங்கும் என்று ஆகமம் கூறுவதால், மனம் அலைகிறதே என்று தொடக்கத்தில் சோர்வடைய வேண்டியதில்லை. சிறிது நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக நீட்டிக்கலாம்.

1. காலையிலோ மாலையிலோ தூய இடத்தில் குடும்பத்தினர் அனைவரும் நேராக அமர்க. முதியோர் நாற்காலியில் அமர்வதில் குறையில்லை.

2. பஞ்சமந்திரத்தை ஒன்பது முறை, 27 மூச்சுகளில் நினைக்க. முதல் இரண்டு வணக்கங்கள் ஒரு மூச்சு; அடுத்த இரண்டு ஒரு மூச்சு; இறுதி வணக்கம் ஒரு மூச்சு. மூச்சினை வலிந்து அடக்க வேண்டா.

3. ஒரே ஒரு துதிப்பாடலைப் பொருளறிந்து பாடுக. பிள்ளைகளைக் கொண்டு பொருள் சொல்லச் செய்க.

4. குருவிடம் கேட்ட ஓர் அறவுரையையோ, அறநூலின் ஒரு பகுதியையோ ஒருவர் படிக்கப் பிறர் கேட்க.

5. முடிவில், அன்று மனத்தாலும் மொழியாலும் மெய்யாலும் எவ்வுயிர்க்கு இன்னல் செய்தோம் என்று நினைந்து வருந்துக. அவ்வுயிர் நம் வீட்டிலேயே இருக்குமானால், எழுந்து சென்று பொறுத்தருளுமாறு கேட்க.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. யோகம் என்னும் சொல்லுக்கு ஆகமம் தரும் இரு பொருள்கள் யாவை? அவை ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன?

2. வீதராகரைத் துதிப்பதால் விளையும் பயன் யாது?

3. கவுந்தியடிகள் இல்லறத்தாரின் சொல்லை ஏற்றது எதனைக் காட்டுகிறது?

4. சென்ற ஒரு வாரத்தில், நாவில் வந்தும் நாம் அடக்கிக்கொண்ட கடுஞ்சொல் ஒன்றேனும் உண்டா?

முதல் மூன்று வினாக்களுக்குரிய விடையை இப்பக்கங்களில் காணலாம். நான்காவதற்குரிய விடையை அவரவர் உள்ளமே தர வேண்டும். அந்த விடை ‘உண்டு’ என அமையுமாயின், நம் இல்லத்தில் யோகம் தொடங்கிவிட்டது என்று பிள்ளைகளிடம் துணிந்து கூறலாம்.

வளர்க ஜினதருமம்! வாழ்க எல்லா உயிர்களும்!