ஓசை சொல்லும் பழுது

மாணவர்களே, மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப் முதலிய கோலார் தங்கவயல் சுரங்கங்களில் உழைத்த நம் முன்னோர், பாறையின் நிலையைக் காதால் அறிந்தனர். இரும்புக் கம்பியால் மேற்பாறையைத் தட்டுவர். கணீரென ஒலித்தால் பாறை உறுதியானது. பொத்தென ஒலித்தால் அது பிளந்து நிற்கிறது. அவ்வேறுபாட்டைத் தவறவிட்டவர் உயிரையே இழக்க நேரும். 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டன. ஓசையால் பழுதை அறியும் முறைக்கு வேறிடங்களில் இன்றும் வேலை உண்டு.

இவ்வூரில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பாட்டு ஒலிக்காதபோதும் அவர் வண்டியின் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கிறது. பயணியர் முகம் சுளிக்கின்றனர். கடைக்காரரோ, "ஸ்பீக்கர் போய்விட்டது, புதிது போடுங்கள்" என்கிறார். பல நாள் வருவாய் அதற்கே போய்விடும். மாற்றிய பின்னும் இரைச்சல் நீங்காமற் போகலாம். ஸ்பீக்கர் பெரும்பாலும் தன்னிடம் வந்ததையே ஒலிக்கிறது.

ஆகவே, எவ்வகை ஓசை என்று முதலில் கேட்க வேண்டும். 'ஏதோ சத்தம்' என்று சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் விளங்காது. எஞ்சின் நின்றபோதும் 'உஸ்' என்று சீராகக் கேட்டால், ஆம்ப்ளிபயரின் கெயின் அளவுக்கு மீறித் திருப்பப்பட்டிருக்கலாம். (கெயினை வால்யூம் என எண்ணி முழுவதும் திருப்பிவிடுவோர் பலர்.) 'கரகர' என்றால் தளர்ந்த இணைப்போ கிழிந்த ஸ்பீக்கர்த் தாளோ காரணமாகலாம். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் வேகத்தோடு 'டக்டக்' என்பது விரைந்தால், ஸ்பார்க் பிளக்கின் பொறியை ஐயுறலாம்.

ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் கூர்மையாகும் 'கொய்ங்' ஓசையே மிகுதியாகக் கேட்பது. அது ஆல்டர்னேட்டரிலிருந்து பிறக்கிறது. ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதனுள் உள்ள டையோடுகள் அதை நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றுகின்றன. ஆயினும் சிற்றலைகள் எஞ்சுகின்றன. ஸ்டீரியோ ஓரிடத்திலும் ஆம்ப்ளிபயர் வேறோரிடத்திலும் எர்த் செய்யப்பட்டிருந்தால், அவ்விரண்டிற்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு தோன்றும். அதனால் சிக்னல் கம்பியின் புறவுறை வழியே மின்னோட்டம் பாய்கிறது. ஆம்ப்ளிபயர் பாட்டைப் பெருக்குவது போலவே அவ்வலைகளையும் பெருக்கிவிடுகிறது.

இதனை உறுதிசெய்யப் பொருள் எதுவும் வாங்க வேண்டுவதில்லை. ஆம்ப்ளிபயரை நிறுத்தி, சிக்னல் கம்பியைக் கழற்றி, மீண்டும் இயக்குக. ஓசை நின்றால் அது ஸ்டீரியோவின் பக்கமிருந்தோ அக்கம்பி வழியாகவோ வருகிறது. நிற்காவிடில் ஆம்ப்ளிபயரையும் அதன் மின்கம்பி, எர்த் கம்பிகளையும் ஆராய்க. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் இரைந்தால், ஆம்ப்ளிபயரில் இட, வல சிக்னல் கம்பிகளை இடம் மாற்றுக. இரைச்சலும் பக்கம் மாறினால் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை மாற்றினால் எதனால் ஓசை நின்றது என்று தெரியாது.

பெரும்பாலும் குறை எர்த் கம்பியில்தான் இருக்கும். அதன் முனை பெயின்ட்டின் மேல் முடுக்கப்பட்டிருந்தால் இணைப்பு சரிவர அமையாது. பெயின்ட்டைச் சுரண்டி, வெற்றுத் தகட்டில் குறுகிய, தடித்த கம்பியை இறுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் மின்கம்பி வண்டியின் ஒரு புறமும் சிக்னல் கம்பி மறுபுறமும் செல்லட்டும். கம்பிகளைத் தொடுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுதல் கட்டாயம். இவ்வேலையைப் பெரியவர் உடனிருக்கும்போதே செய்க.

இலக்கணம்: 'கரகர' என்பது இரட்டைக்கிளவி. 'கர' எனப் பிரித்தால் அப்பொருள் தராது.

பயிற்சி
1. 'சலசல', 'கடகட', 'நறநற' ஆகியவற்றைத் தொடரில் அமைத்து எழுதுக.
2. டீசல் கார் ஒன்றில் வேகத்தோடு 'கொய்ங்' ஓசை உயர்கிறது. சிக்னல் கம்பியைக் கழற்றியதும் நிற்கிறது. நீ மெக்கானிக்கிடம் சொல்லவேண்டியதை ஐந்து வரிகளில் எழுதுக.