இரண்டு மில்லி மருந்துக்கு ஐம்பது மில்லி பை

அன்புள்ள தம்பி,

மருந்தாளுநர் பயிற்சிக்குப் போன லண்டன் மருத்துவமனையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மருந்து எடுத்துத் தரும் ரோபோவுக்கு முழுப் பக்கம். வார்டில் நோயாளிகளிடம் ‘வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டே பொழுது போகிறதென்ற அலுப்புக்கு அரைப் பக்கம். கடைசியில், போகிற போக்கில் ஒரு கேள்வி: “வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் அனுப்பாமல் 50 மில்லி உப்புநீர்ப் பையில் கலந்து அனுப்புகிறார்கள். இரண்டு மில்லி மருந்துக்கு இது வீண்வேலை அல்லவா, சார்? டாக்டர்கள் லேபிளைப் படித்தால் போதாதா?”

போதாது. ரோபோவை விளம்பரப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே போய்ப் பார்க்கவேண்டியது இந்தப் பையைத்தான்.

சிரையில் ஏறவேண்டிய புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் தண்டுவட நீரில் சேர்ந்தால் உயிரே போகும் என்று உனக்குத் தெரியும். அப்படி நேர்ந்த விபத்து 1968லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சுகாதாரத் துறை ‘அன் ஆர்கனைசேஷன் வித் எ மெமரி’ என்றொரு அறிக்கை வெளியிட்டது. முதுகுத்தண்டு ஊசித் தவறுகளால் நேரும் சாவையும் முடக்கத்தையும் 2001 முடிவதற்குள் அடியோடு ஒழிக்கவேண்டும் என்று அதில் இலக்கே வைத்தார்கள். அந்த 2001 ஜனவரியில்தான் நாட்டிங்ஹாமில் ரத்தப் புற்றுநோய் தணிந்து தேறிவந்த 18 வயது இளைஞனுக்கு அதே தவறு நடந்தது. பிப்ரவரியில் அவன் இறந்துபோனான்.

அவனுக்கு முதுகுத்தண்டில் போடவேண்டியது சைட்டராபின். சிரையில் போடவேண்டியது வின்கிரிஸ்டின். இரண்டு சிரிஞ்சும் ஒரே நேரத்தில் படுக்கையருகே வந்துசேர்ந்தன. லேபிளில் பெயர் இருந்தது. இளைய மருத்துவர் சந்தேகப்பட்டுக் கேட்கவும் கேட்டார், மூத்தவர் ஆமோதித்தார். படித்தார்கள், கேட்டார்கள், அப்படியும் நடந்தது. ‘கவனமாக இருந்திருக்கலாம்’ என்று சொல்லிக் கையைக் கழுவுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். விசாரித்த பேராசிரியர் பிரையன் டாஃப்ட் யாரோ ஒருவரின் அலட்சியம் என்று முடித்துவிடவில்லை. பல சிறு ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வந்ததைக் காட்டினார். அந்த ஓட்டைகளில் மருந்தகத்தினுடையதும் உண்டு என்பதை மறக்காதே.

பை என்ன செய்கிறது? ஐம்பது மில்லியை முதுகுத்தண்டில் ஏற்ற யாரும் நினைக்கவே மாட்டார்கள். மூன்று முள் பிளக்கைத் தலைகீழாகச் செருக முடியாததைப் போல, இங்கே தவறு செய்ய அநேகமாக வழியே இல்லை. படிப்பவர் களைத்திருந்தாலும் பையின் வடிவம் களைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் இதைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 2008இல் பெரியவர்கள் வார்டுகளுக்கு அறிவுறுத்தல் வந்தது. இப்போது முதுகுத்தண்டு ஊசிகளில் மற்ற சிரிஞ்சுகள் பொருந்தாதபடி தனி இணைப்புகளும் வந்துவிட்டன.

‘பையில் ஏற்றும்போது மருந்து சிரைக்கு வெளியே கசிந்து தசை வெந்துபோகாதா’ என்று அடுத்துக் கேட்பாய். கசியலாம், அரிதாக. பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடும். செவிலியர் பக்கத்திலேயே நிற்பார். கையில் வரும் புண்ணுக்கு வைத்தியம் உண்டு. மருந்து தண்டுவட நீரில் சேர்ந்தால் இல்லை.

இந்த மருந்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். நம் தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது அல்லவா! ஜமைக்காவில் அதன் இலையை நீரிழிவுக்குத் தேநீராகக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கனடாவின் ராபர்ட் நோபிள் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பியரும் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். வின்கிரிஸ்டின் பின்னால் வந்தது. 1958இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையைத் தேடிப் படி. எதிர்பாராத முடிவைக் குப்பையில் போடாத மனம் எப்படி வேலை செய்யும் என்று தெரியும். இப்போதெல்லாம் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கருத்தரங்குக்கு வந்துவிடுகிறீர்கள். இருக்கட்டும்.

அலுப்பென்று நீ எழுதிய வார்டு விசாரணைக்கு வருகிறேன். வின்கிரிஸ்டின் எடுக்கும் நோயாளி, பூஞ்சைத் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்த இட்ரகோனசோலையும் வீட்டில் விழுங்கிக்கொண்டிருக்கலாம். ஏன் ஆபத்து என்பதை நீயே சொல்வாய். இரண்டும் சேர்ந்தால், வின்கிரிஸ்டின் சரியான சிரையில், சரியான அளவில் ஏறினாலும் நரம்புகள் கெடும். குடல் அசைவு நின்றுபோகும். அந்த மாத்திரையைக் கண்டுபிடிக்க ரோபோவால் முடியாது; படுக்கையருகே உட்கார்ந்து கேட்கிற உன்னால் முடியும். ‘வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். பூஞ்சைக்கு, தூக்கத்துக்கு, வயிற்றுக்கு, நாட்டு மருந்து என்று தனித்தனியாகக் கேள்.

மருந்தாளுநர் என்றால் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. 2008இல் பார்ம் டி என்ற மருந்தாளுநர் படிப்பு தொடங்கியும் அது மாறவில்லை. தவறு நடக்க முடியாதபடி மருந்தை அனுப்பி வைப்பதே நம் தொழில்.

பயிற்சி முடிவதற்குள் இரண்டு காரியம் செய். அங்கே வின்கிரிஸ்டின் தயாரிப்பு முதல் படுக்கைவரை யார் கையெழுத்திடுகிறார்கள், எங்கே நிறுத்திச் சரிபார்க்கிறார்கள் என்று படிப்படியாக எழுதிக்கொள். ஊர் திரும்பியதும், நீ வேலைக்குச் சேரும் மருத்துவமனை எதுவானாலும், அதன் மருந்துக் குழுவில் அதை முன்வை. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வாங்கவேண்டியதில்லை. உப்புநீர்ப் பை எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறது.

அன்புடன்,
உன் ஆசிரியர்