பொய்க் காயம் தரும் மெய்ப் பாடம்

காயத்துக்குக் கட்டுப்போடும் முறையைச் சொற்பொழிவில் கேட்டால் நமக்கெல்லாம் நன்கு விளங்குகிறது. ஆனால் கடைச் சிப்பந்தியின் கை கத்தியில் அறுபட்டு இரத்தம் பீறிடும்போது கேட்ட பாடம் மறந்துபோகிறது, கை நடுங்குகிறது, சிலருக்குத் தலையே சுற்றுகிறது. காரணம் யாதெனில், காது கற்றதைக் கண் கற்கவில்லை. இக்குறையை நீக்கவே முதலுதவிப் பயிற்சியில் பொய்க் காயம் பூசுகிறார்கள்.

இக்கலைக்கு 'மூலாஜ்' என்று பெயர். அச்சில் வார்த்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் இது. இதன் ஆதி வரலாறு வியாபாரிகளாகிய நமக்குச் சுவையானது. பாரிஸ் நகரில் ஜூல் பரெத்தா என்பவர் காகிதக் கூழால் பழ உருவங்கள் செய்து விற்றுவந்தார். அவை மெய்ப் பழங்களைப் போலவே இருக்கக் கண்ட டாக்டர் லாயே, தோல் நோய்களையும் அவ்வாறே செய்துதரும்படி சேன் லூயி மருத்துவமனைக்கு அவரை அழைத்தார். 1867ல் பரெத்தா தம் முதல் மெழுகு உருவத்தைச் செய்தார். இன்று அம்மருத்துவமனைக் காட்சிசாலையில் 4,000க்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன.

பின்னர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் வீடுகள் இடிந்தன. இடிபாடுகளிலிருந்து மக்களை மீட்கும் பயிற்சி இங்கிலாந்தில் லெதர்ஹெட் என்னுமிடத்தில் நடந்தது. அங்கே காயம்பட்டவர்களாக நடித்தவர்கள் 1942ல் 'கேஷுவல்ட்டீஸ் யூனியன்' என்னும் சங்கத்தை அமைத்தார்கள். சாயம் பூசிக்கொள்வதோடு நில்லாமல், வலியால் முனகவும் மயங்கிக் கிடக்கவும் பழகினார்கள்.

இதனால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, இரத்தத்தைக் கண்டு மிரளும் மனம் திடப்படுகிறது. இரண்டாவது, வெளுத்த முகம், குளிர்ந்த வியர்வை முதலிய ஆபத்தான அறிகுறிகளைக் கண் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது, பலர் காயம்பட்ட இடத்தில் யாரை முதலில் கவனிப்பது என்பது தெரிகிறது. கூச்சலிடுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. ஓசையின்றிக் கிடப்பவனையே முதலில் பார்க்கவேண்டும்.

செலவோ சொற்பம். வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை நம் கடைத் தட்டுகளிலேயே உள்ளன. வாஸ்லினையும் மாவையும் பிசைந்து தோலில் ஒட்டி நடுவே கீறினால் வெட்டுக் காயம். சீனிப்பாகில் சிவப்புச் சாயமும் சிறிது கொக்கோத் தூளும் கலந்தால் இரத்தம். முகத்தில் வெள்ளைப் பவுடரும் நெற்றியில் கிளிசரின் துளிகளும் இட்டால், அதிர்ச்சியடைந்தவரின் வெளிறிய தோற்றம்.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். கண்ணருகே எதையும் பூசலாகாது. பொருள் எதுவும் உடம்புக்கு ஒவ்வாதா என்று நடிப்பவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்டை அயலாருக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். நடிப்பவருக்கு உண்மையிலேயே ஏதேனும் நேர்ந்தால் சொல்வதற்கு ஒரு குறிச்சொல்லும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

நம் தொழிலில் ஏணியும் மூட்டையும் கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் அன்றாடம் புழங்குபவை. பெரிய இரத்தக் குழாய் அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காயத்தை விடாது அழுத்திப் பிடிக்கவேண்டியது அருகில் நிற்கும் நாம்தான். ஆகவே முதலுதவி வகுப்பு நடத்தும்போது, தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு பொய்க் காயப் பயிற்சியையும் சேர்த்து நடத்துவோமாக. முதலாளிமார் தாங்கள் வருவதோடு கடைப் பிள்ளைகளையும் தவறாது அனுப்பிவைக்க வேண்டும்.