பிரைவேட் கம்பெனிக்கு முதல் சேர்க்கும் முறையும் அழைப்புப் பத்திரம் எழுதும் விதமும்

விளைபொருளைக் களத்திலிருந்து அப்படியே விற்பதைக் காட்டிலும் அதைப் பக்குவம் செய்து விற்பதால் குடியானவருக்கு ஆதாயம் அதிகம் என்பது யாவரும் அறிந்த விஷயமே. ஆனால் எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, குளிர்பதனக் கிடங்கு முதலியவற்றை அமைக்க ஒருவருடைய கைமுதல் பெரும்பாலும் போதாது. ஆகவே ஊரிலுள்ள நிலச்சுவான்தார்கள் சிலர் ஒன்றுகூடிப் பிரைவேட் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்து, பின்னர் மற்றவரிடமிருந்தும் பங்குத் தொகை பெற்று வேலையை விரிவாக்க விரும்புகின்றனர். இம்முயற்சி மெச்சத் தகுந்ததே. எனினும் பிறர் பணத்தைக் கேட்டு வாங்குவதற்குச் சட்டம் விதித்திருக்கும் வழி குறுகலானது. அவ்வழியை அறியாமல் நல்லெண்ணத்துடன் தொடங்கியவர்களும் தண்டனைக்கு உட்பட நேரிடும்.

பணம் கொடுப்பவர்கள் பக்கத்திலும் ஜாக்கிரதை வேண்டும். 2012ஆம் வருஷத்தில் ஈரோடு ஜில்லா பெருந்துறைப் பிரதேசத்தில் ஈமுக் கோழி வளர்ப்பின் பேரால் முன்பணம் வாங்கிய ஸ்தாபனங்கள், சொன்னபடி மாதத் தொகை கொடாமல் நின்றுவிட்டபோது, நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் பணம் கட்டிய குடித்தனக்காரர்கள் பட்ட கஷ்டம் பலருக்கும் நினைவிருக்கும். அங்கே வாக்குறுதிகள் ஏராளமாக இருந்தன. எந்தச் சந்தர்ப்பத்தில் முதல் போய்விடக்கூடும் என்பதை எடுத்துக் கூறும் பத்திரந்தான் பணம் கட்டியவர் கைக்கு வரவில்லை. அத்தகைய பத்திரத்தை யோக்கியமாக எழுதுவது எப்படி என்பதே இவ்வியாசத்தின் பொருள்.

1. எவ்வகைக் கம்பெனி என்பதை முதலில் தீர்மானித்தல்

குடியானவர்கள் சேர்ந்து அமைக்கக்கூடிய கம்பெனிகளில் உற்பத்தியாளர் கம்பெனி என்பது ஒரு வகை. இது 1956ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் 2002ஆம் வருஷத்துத் திருத்தத்தால் இடம்பெற்றது. 2020ஆம் வருஷத்துத் திருத்தத்தால் 2013ஆம் வருஷத்துச் சட்டத்தில் தனி அத்தியாயமாகச் சேர்க்கப்பட்டது. தனிநபர்களாகச் சேர்வதானால் குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வோட்டுத்தான். உற்பத்தியாளர் அல்லாதவர் இதில் பங்கு பெற இயலாது. ஆகையால் பட்டணத்து வியாபாரியின் பணத்தையோ, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவரின் சேமிப்பையோ பங்காகக் கொண்டுவர இவ்வகையில் வழியில்லை.

பிரைவேட் கம்பெனியை 2 பேர் சேர்ந்தே அமைக்கலாம். அங்கத்தினர் தொகை, சிப்பந்திகள் நீங்கலாக, 200க்கு மேற்படலாகாது. பங்குகளை இஷ்டம்போல் பிறருக்கு மாற்றும் உரிமைக்கு அதன் விதிகளில் கட்டுப்பாடு இருக்கவேண்டும். பொதுஜனங்களைப் பங்கு வாங்க அழைப்பதும் விதிகளிலேயே விலக்கப்பட்டிருக்கவேண்டும். விவசாயிகள் மட்டும் கூடிச் சமமாக நடத்த விரும்பினால் முன்னதும், வெளியார் முதலும் வேண்டுமாயின் பின்னதும் ஏற்றவை. பழைய பங்குதாரரிடமே போதிய பணம் இருக்குமாயின் அவரவர் பங்கு விகிதப்படி புதிய பங்குகளை அவர்களுக்கே கொடுக்க முன்வருவதுதான் எளிது. அது போதாதபோதே வெளியாரை நாடவேண்டும்.

2. தண்டோரா கூடாது

சந்தையில் நோட்டீஸ் வழங்குவதும், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் சொல்வதும், பத்திரிகையிலும் கைப்பேசியிலும் விளம்பரம் செய்வதும், கமிஷன் ஏஜெண்டுகளை அனுப்பிப் பங்கு விற்பதும் பிரைவேட் கம்பெனிக்கு முற்றிலும் தடுக்கப்பட்டவை. 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி, டைரக்டர்கள் கூடி இன்னின்னாரிடம் கேட்பது என்று முன்கூட்டியே பெயர் குறித்துத் தீர்மானிக்கவேண்டும். அவ்வாறு குறிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அழைப்பு அனுப்பலாம். ஒரு கணக்கு வருஷத்தில் ஒரு வகைப் பங்குக்கு அழைக்கப்படுவோர், சிப்பந்திகளுக்கான பங்குத் திட்டமும் பெரும் முதலீட்டு ஸ்தாபனங்களும் நீங்கலாக, 200 பேருக்கு மேற்படலாகாது. அழைக்கப்பட்டவர் தமக்கு வந்த அழைப்பை மற்றொருவர் பேருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

இவ்வரம்பை மீறினால் அந்த அழைப்பு பொதுஜனங்களுக்குச் செய்த அழைப்பாகவே கருதப்படும். பழைய சட்டத்தின்கீழ் இவ்வரம்பு 50 பேருக்குள் இருந்த காலத்தில், சஹாரா குழுவைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகள், தாங்கள் திரட்டியது தனிப்பட்ட முறையிலான முதலே என்று வாதித்தன. அவை ஏறக்குறைய 3 கோடி ஜனங்களிடமிருந்து 24,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தன. சுப்ரீம் கோர்ட்டு 2012 ஆகஸ்டு 31ல் அவ்வாதத்தைத் தள்ளி, தொகையை நூற்றுக்கு 15 வட்டியுடன் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. பெயர் எதுவாயினும் அழைக்கப்பட்டவர் தொகையே அழைப்பின் தன்மையைக் காட்டும் என்பது இதனால் விளங்கும்.

3. பத்திரத்தில் அடங்கவேண்டியவை

அழைப்புப் பத்திரம் பி.ஏ.எஸ். 4 என்னும் நமூனாவில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் வரிசை நம்பரும், பெறுபவரின் பெயரும் உண்டு. அதில் கம்பெனியின் வரலாறு, தொழில், டைரக்டர்களின் விவரம், சென்ற மூன்று வருஷங்களின் தணிக்கையான கணக்கு, பங்கின் விலை, அவ்விலைக்கு ஆதாரம், பணத்தை எதற்குச் செலவிடுவது, கம்பெனியைத் தொடங்கியவர்கள் தாம் போடும் தொகை, டைரக்டர்களின் சம்பளம், அவர்களுக்கும் கம்பெனிக்குமுள்ள கொடுக்கல் வாங்கல், வியாஜ்யங்கள், கடன் பாக்கி ஆகியவை கூறப்படும். வெளியாருக்குக் கொடுக்கும் பங்கின் விலையைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் கணித்திருக்கவேண்டும்.

இவற்றுள் மிக முக்கியமானது அபாயங்களைக் கூறும் பகுதி. பலர் இதை, "வியாபாரத்தில் லாப நஷ்டம் சகஜம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்துமாதலால் எந்தக் கம்பெனியைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. மணிலாக்கொட்டை எண்ணெய் ஆலையை எடுத்துக்கொள்வோம். மானாவாரிக் கொட்டை ஐப்பசியை ஒட்டியும், இறவைக் கொட்டை சித்திரையை ஒட்டியும் வரும். ஆண்டு முழுவதும் ஆலை ஓட வேண்டுமானால் அறுவடைக் காலத்தில் கொட்டையை வாங்கி இருப்பு வைக்க வேண்டும். அதற்குரிய பணம் யந்திர விலையினும் அதிகமாகலாம். மழை தவறினால் கொட்டை கிடையாது. வெளிநாட்டுப் பனையெண்ணெய் மலிந்தால் நம் எண்ணெய் விலையும் இறங்கும். ஈரத்தோடு சேமித்த கொட்டையில் பூஞ்சக்காளான் விஷம் ஏறினால் பிண்ணாக்கை வாங்குவோர் தள்ளிவிடுவர். இவ்வாறு தன் தொழிலுக்கே உரிய அபாயத்தை எழுதி, அதற்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் உடன் எழுதுவதே முறை. ஏற்பாடு இல்லையெனில் இல்லை என்றே எழுதவேண்டும்.

பொய்யான வாக்கினாலோ, முக்கிய சங்கதியை மறைத்தோ ஒருவரைப் பங்கு வாங்கத் தூண்டுவது 36ஆவது பிரிவின்படி மோசடியாகும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மோசடிக்கு 447ஆவது பிரிவின்படி 10 வருஷம் வரை சிறைவாசம் உண்டு.

4. எத்தனை பங்கு கொடுப்பது

விலையைப்பற்றி யோசிப்பவர்கள் எண்ணிக்கையைப்பற்றி யோசிப்பதில்லை. கணக்குக்காக ஓர் உதாரணம் கூறுவோம். எட்டுப் பேர் சேர்ந்து 10 ரூபாய் முகமதிப்புள்ள 4,00,000 பங்குகளால் 40 லக்ஷம் ரூபாய் போட்டுள்ளனர். மதிப்பீட்டாளர் பங்கு ஒன்றுக்கு 20 ரூபாய் என்று கணிக்கிறார். 30 லக்ஷம் ரூபாய் வேண்டி 1,50,000 புதிய பங்குகள் கொடுக்கப்படுகின்றன. இப்பொழுது மொத்தப் பங்குகள் 5,50,000. புதியவர்களின் பாத்தியதை நூற்றுக்கு 27க்குச் சற்று மேல்.

கம்பெனியின் விதிகளை மாற்றுவது, மறுபடி வெளியாருக்குப் பங்கு கொடுப்பது போன்ற பெரிய காரியங்களுக்கு விசேஷத் தீர்மானம் வேண்டும். அதற்கு எதிர்த்து விழும் வோட்டுகளைப்போல் குறைந்தது மும்மடங்கு வோட்டுகள் ஆதரவாக விழவேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் புதியவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தால் பழைய எட்டுப் பேரால் விசேஷத் தீர்மானம் எதையும் நிறைவேற்ற முடியாது. 26 லக்ஷம் ரூபாயோடு நிறுத்தி 1,30,000 பங்குகள் மட்டும் கொடுத்திருந்தால் புதியவர்களின் பாத்தியதை 25க்குக் கீழேயே நின்றிருக்கும். பணம் போடுபவருக்கும் இதே கணக்கு உதவும். தம் குரலுக்கு மதிப்பு உண்டா என்பதை அவர் இதனால் அறிந்துகொள்ளலாம். ஆகவே முன்பும் பின்பும் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற அட்டவணையைப் பத்திரத்தில் தெளிவாகக் காட்டவேண்டும்.

5. பணம் வாங்கும் ஒழுங்கு

(1) விசேஷத் தீர்மானத்தை நிறைவேற்றி, தாக்கல் செய்யவேண்டிய தீர்மானங்களைக் கம்பெனி ரிஜிஸ்திராரிடம் தாக்கல் செய்த பிறகே பத்திரத்தை அனுப்பவேண்டும். பெயர்களைக் குறித்த 30 நாட்களுக்குள் அது போய்ச்சேரவேண்டும்.

(2) ரொக்கமாக ஒரு ரூபாயும் பெறலாகாது. செக்கு, டிராப்டு அல்லது பாங்கி மூலமாகவே, அதுவும் பங்கு வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே வரவேண்டும். தமையன் கணக்கிலிருந்து தம்பி பேருக்குப் பணம் கட்டுதல் கிராமங்களில் வழக்கமாயினும் இங்கே செல்லாது.

(3) வந்த தொகையைத் தனிப் பாங்கிக் கணக்கில் வைத்து, பங்கு ஒதுக்கி, அதன் விவரத்தை ரிஜிஸ்திராருக்குத் தெரிவிக்கும் வரையில் தொடலாகாது. யந்திரத்துக்கு அச்சாரம் கொடுக்க அவசரமிருந்தாலும் அதற்காக இதிலிருந்து எடுப்பது குற்றம்.

(4) பணம் வந்த 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்கவேண்டும். இயலாவிடில் அடுத்த 15 நாட்களுக்குள் திருப்பவேண்டும். தவறினால் 60ஆவது நாள் முடிந்ததிலிருந்து வருஷத்துக்கு நூற்றுக்கு 12 வட்டி சேரும்.

(5) ஒதுக்கிய 15 நாட்களுக்குள் பி.ஏ.எஸ். 3 என்னும் நமூனாவில் விவரம் தாக்கல் செய்யவேண்டும்.

இப்பிரிவை மீறினால் திரட்டிய தொகை அல்லது 2 கோடி ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவரை அபராதம் விதிக்கப்படலாம். உத்தரவான 30 நாட்களுக்குள் வாங்கிய பணத்தையும் வட்டியுடன் திருப்பவேண்டும்.

6. முதலாளியின் நம்பிக்கையைப் பெறுதல்

விளம்பரம் செய்ய வழியில்லாதபோது முதல் போடுபவரை எப்படி ஈர்ப்பது என்று கேட்கலாம். ஏற்கெனவே எண்ணெய் வாங்கும் வியாபாரி, தொழிலறிந்த உறவினர், ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதிப்பவர் ஆகியோரே பெரும்பாலும் முன்வருவர். வெளிநாட்டில் வசிப்பவராயின் அந்நியச் செலாவணி விதிகளும் குறுக்கிடுமாதலால் முன்னரே ஆடிட்டரைக் கலந்துகொள்வது உசிதம்.

இவர்கள் கேட்பது பெரும்பாலும் நான்கு விஷயங்களே. கம்பெனியைத் தொடங்கியவர்கள் தம் சொந்தப் பணம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்? ஆலை நிலத்தின் பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக உள்ளனவா? டைரக்டர்கள் தம் நிலத்துக் கொட்டையைக் கம்பெனிக்கு விற்கும்போது விலை வைப்பது யார்? விலகிக்கொள்ள விரும்பினால் பங்கை யாரிடம் எவ்விலைக்கு விற்கலாம்? மூன்றாவது கேள்வியை மறைப்பவர்களும், நான்காவதைத் தள்ளிப்போடுபவர்களும் நல்ல பங்காளிகளை இழந்துவிடுகின்றனர். பிரைவேட் கம்பெனிப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. விலகும் வழி எழுத்தில் இருப்பது அவசியம். பங்குக்கு மாதாமாதம் நிச்சயத் தொகை தருவதாக வாக்களிக்கவே கூடாது. லாபம் இருந்தால்தான் பங்காதாயம் உண்டு.

7. கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கிராம நிர்வாக அலுவலரிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் ஜனங்கள் இப்பத்திரங்களைக் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். பத்திரத்தில் வரிசை நம்பரும் பெறுபவர் பெயரும் இல்லாவிட்டாலும், ரொக்கத்துக்கு ரசீது கொடுக்கப்பட்டாலும், மாத வருமானம் நிச்சயம் என்று சொல்லப்பட்டாலும், அச்சிட்ட நோட்டீஸ் ஊரில் வழங்கப்பட்டாலும், பணம் கட்டவேண்டாம் என்று உடனே சொல்லிவிடலாம். கம்பெனி தாக்கல் செய்துள்ள கணக்குகளையும் டைரக்டர்களின் பெயர்களையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்பதையும் எடுத்துச் சொல்லவேண்டும். பஞ்சாயத்துக் கட்டிடத்தில் பங்கு விற்பனைக் கூட்டம் நடத்த இடம் கொடுத்தால், அது சர்க்கார் அங்கீகாரம் பெற்றது என்று ஜனங்கள் எண்ணிவிடுவர்.

நமூனாக்களும் வரம்புகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், அழைப்பை அனுப்புமுன் தகுதியுள்ள ஆடிட்டரிடமோ கம்பெனிக் காரியதரிசியிடமோ அன்றைய விதியைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். அதன்பின் பத்திரத்தின் பிரதியொன்றை, பணம் போடக்கூடிய சாதாரணக் குடியானவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்க. "இந்தப் பணம் எந்த எந்த வகையில் போய்விடக்கூடும்?" என்று அவரைக் கேட்க. அவர் தடையின்றி விடை சொல்வாராயின் பத்திரம் முடிந்தது. சொல்ல முடியாவிடில் அதைத் திரும்ப எழுதுவதே கம்பெனிக்கும் ஊருக்கும் நன்மை.