சில நிமிட மயக்கம், பல நாள் ஆயத்தம்



"ஓர் ஊசி போட மயக்க மருந்து எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். இது மூளையைச் சுற்றியும் ஒளிந்துகொள்ளும். நரம்பில் ஏற்றும் மருந்துகளில் பல அங்கே போதிய அளவு எட்டுவதில்லை. ஆகவே முதுகுத்தண்டு நீருக்குள் நேரடியாக மருந்து செலுத்த வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டு சிகிச்சையில் இது பலமுறை நடக்கும். பிள்ளை துள்ளினால் ஊசி தவறும். பயமும் மனதில் தங்கிவிடும். அதனால்தான் சில நிமிட மயக்கம். ஆனால் இப்பிள்ளைகளுக்கு அதில் தனி ஆபத்துகள் உண்டு.

1. மூச்சு: டி-செல் வகை நோயில் மார்புக்குள் கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்தலாம். உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு, மல்லாக்கப் படுத்து மயங்கியதும் மூச்சு நின்றுபோகக்கூடும். குழாய் செருகினாலும் அடைப்பு அதற்குக் கீழே இருக்கும். எனவே முதலில் மார்பு எக்ஸ்ரே. "படுத்தால் மூச்சு வாங்குகிறதா?" என்று தாயிடம் கேட்கிறோம். கட்டி பெரிதானால் மயக்கத்தைத் தள்ளிவைத்து, மருந்தால் அதைச் சுருங்கச் செய்கிறோம்.

2. இரத்தம்: தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தலாம். அவற்றை ஏற்றிய பிறகே ஊசி. வெள்ளணுக்கள் குறைந்த பிள்ளைக்குக் கழுவாத கையும் ஆபத்து.

3. இதயம்: டானோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம். ஆகவே எக்கோ பரிசோதனை.

4. வயிறு: உணவுக்குப் பின் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்குப் பின் 4 மணி நேரம் கழிய வேண்டும். இல்லையேல் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். பசியில் அழும் பேரனுக்கு மனம் பொறுக்காமல் பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுவதுண்டு. "கோபிக்க மாட்டோம், மறைக்காமல் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்வோம்" என்கிறோம். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும்.

நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று இந்நோய் கண்ட 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள். பிழைக்கக்கூடிய பிள்ளையை மயக்க மேசையில் இழப்பது எத்தனை கொடுமை!

உங்கள் காணிக்கை விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியாகவும், அருகில் நிற்கும் பயிற்சி பெற்ற செவிலியராகவும் மாறுகிறது. இன்னொன்றும் கேட்கிறோம். தட்டணுக்களை ஒரு வாரத்துக்கு மேல் சேமிக்க முடியாது. ஆகவே பணத்தோடு, உங்கள் சபை வாலிபர்கள் முறை வைத்து இரத்தமும் கொடுத்தால் பேருதவியாயிருக்கும்.