முதுமையில் கவனமும் நினைவும்

வயது ஏற ஏற மூளை செய்திகளை உள்வாங்கும் வேகம் குறைகின்றது. ஒரே நேரத்தில் இரு விடயங்களைக் கவனிப்பதும், இரைச்சலுக்குள் ஒருவரின் பேச்சைப் பிரித்தறிவதும் கடினமாகின்றன. ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் நெடுங்காலம் நிலைக்கின்றன. உளவியலாளர் றேமண்ட் கெற்றல் 1963 இல் இவற்றை இருவகை நுண்ணறிவுகளாக விளக்கினார்.

ஆகவே, ஒரு பெயர் நினைவுக்கு வரத் தாமதிப்பதை மட்டும் வைத்து மறதிநோய் எனக் கொள்ளலாகாது. பழகிய பாதையில் வழி தவறுவதும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் வைத்தியரிடம் கூறவேண்டிய அறிகுறிகளாகும். கேள்விக் குறைபாட்டையும் பார்வைக் குறைபாட்டையும் கவனியாது விடலாகாது; அவை மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டுபவை என 2024 இல் லான்செற் ஆணைக்குழு எடுத்துக்காட்டியது.

முதியோருடன் உரையாடும்போது வானொலியை நிறுத்தி, முகம் பார்த்து, ஒவ்வொரு விடயமாகப் பேசுவோம். அவர் சொல்ல வருவதை நாமே முந்திக்கொண்டு சொல்லி முடித்தால், நாளடைவில் அவர் பேசுவதையே விட்டுவிடுவார். பதில் வரும்வரை பொறுத்திருப்போமாக.